இருபத்தெட்டாவது ஒட்டகம்

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கணவாய் மேலிருக்கும் கற்குவியலை மூன்று முறை வலம் வந்து, சுற்றுக்கு ஒரு கல் வைத்துச் சத்தியம் செய்தாகிவிட்டது. நடுவில் எண்ணிக்கை தவறியதோ என்ற சந்தேகத்தில் நான்காவது சுற்றும் சுற்றியாகிவிட்டது. ஆகவே இந்தக் கதை வேண்டிய அளவுக்கு மேலேயே உண்மையானது.

அந்த வசந்தத்தில், கோபி பாலைவனத்தின் தென்கோடியில், உப்பு ஊற்றைச் சுற்றி இருபத்தேழு காட்டு ஒட்டகங்களும் ஒரே ஒரு வீட்டு ஒட்டகமும் இருந்தன. சத்தியம் முக்கியமாக இந்த வரிக்குத்தான்.

காலை நேரம். காற்று இன்னும் எழுந்திருக்கவில்லை. காவலாளி தம்தின் வழக்கமான மேட்டில் குப்புறப் படுத்து, தொலைநோக்கியில் கண்ணைப் பதித்து எண்ணிக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு வந்தது.

மறுபடி எண்ணினான். இருபத்தெட்டு. கண்ணாடியை அங்கியின் உள்பக்கத்தால் துடைத்துவிட்டு, இடமிருந்து வலமாக எண்ணியதை வலமிருந்து இடமாக எண்ணினான். ஒட்டகங்கள் அதற்கெல்லாம் அசைந்து கொடுக்கவில்லை.

மூன்று வருடமாக, மாதம் தவறாமல், அதே மேட்டில் அதே பள்ளத்தில் வயிற்றை வைத்து அவன் எண்ணி வந்த கணக்கு இருபத்தேழு. அந்தப் பள்ளமே அவன் வயிறு உண்டாக்கியதுதான். எண்ணி முடித்ததும் வானொலிப் பெட்டியில் தலைநகருக்குச் சொல்வான். அங்கே ஒருவர் "சரி" என்பார். அவ்வளவுதான் வேலை. தம்தினுக்கு உலகத்திலேயே அதைவிடப் பிடித்த வேலை இல்லை.

காட்டு ஒட்டகங்களைக் காக்க அரசாங்கம் அமைத்த அந்தச் சாவடியின் சட்டம் ஒற்றைத் தாளில் அடங்கிவிடும். ஒரு காட்டு ஒட்டகம் இருக்கும்வரைக்கும் சாவடி இருக்கும். காவலாளி அவற்றை இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்துதான் பார்க்க வேண்டும். குட்டிகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வீட்டு ஒட்டகம் எதையும் மந்தையோடு கலக்க விடக் கூடாது. விட்டால் காவலாளிக்கு வேலை போய்விடும். இந்தக் கடைசி வரிக்கு மட்டும் யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள்.

இருபத்தெட்டில் ஒன்று தலையைத் தூக்கி அவன் இருந்த பக்கம் பார்த்தது. அதன் மூக்கில், இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, ஒரு மரக்குச்சி தெரிந்தது. மூக்கணை. தம்தினுக்கு அந்தக் குச்சியை நன்றாகவே தெரியும். அதைச் சீவியபோது அவன் கட்டைவிரலையும் சேர்த்துச் சீவிக்கொண்டான். தழும்பு இன்னும் இருக்கிறது.

அது அவனுடைய சொந்த ஒட்டகம், சாம்பல்.

பதினொரு வருடத்துக்கு முன், கல்யாணத்தின்போது, மாமனார் கொடுத்த ஒட்டகம். எங்கே வாங்கியது என்று கேட்டால் "கிடைச்சது" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. ஒல்லியான கால்கள். முதுகில் தேநீர்க் கிண்ணம் இரண்டைக் கவிழ்த்த மாதிரித் திமில்கள். கிணற்றுத் தண்ணீர் இருக்கும்போதே உப்பு ஊற்றில் போய்க் குடிக்கும். தம்தினைத் தவிர யார் கிட்டே வந்தாலும் கடிக்கும்; தம்தின் வந்தால் எச்சில் மட்டும் துப்பும். அந்தச் சலுகையில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பொலி ஒட்டகங்கள் வாயில் நுரை தள்ளித் திரியும் மாதத்தில் அது கால்கட்டை அறுத்துக்கொண்டு போனபோது, எப்போதும் ஓடுவதுதானே என்று விட்டுவிட்டான். இந்தத் தடவை ஓடிய இடம் சரியில்லை.

மேட்டிலிருந்து இறங்கிக் கம்பளிக் கூடாரத்துக்குள் நுழைந்ததும் அவன் மனைவி தூல்மா முந்திக்கொண்டாள். தலைநகரிலிருந்து வானொலியில் அழைத்தார்களாம். டாக்டர் ரிஞ்சின் என்பவர் ஐந்தாம் நாள் வருகிறாராம். சாவடி தேவைதானா என்று நேரில் பார்த்து முடிவு செய்யப் போகிறாராம். மூடினால் தம்தினை மாவட்டத் தலைமையூரில் பள்ளிக்கூடக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட அனுப்புவார்களாம்.

தம்தினின் பெரியப்பா மகன் அந்த வேலையில்தான் இருக்கிறான். இரண்டு குளிர்காலத்துக்குப் பிறகு அவனிடம் வெள்ளையாக மிஞ்சியது கண்ணும் பல்லும்தான். வானம் பார்த்துப் பல மாதம் ஆகிறதென்று சொல்லி அனுப்பியிருந்தான்.

தம்தின் உப்புத் தேநீரைக் கையில் வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டு, சாம்பல் எங்கே இருக்கிறது என்பதைச் சொன்னான்.

தூல்மா அடுப்பில் இன்னொரு சாணத் துண்டைப் போட்டாள். பிறகு, "உங்கப்பா குடுத்த ஒட்டகம், உங்கப்பா குடுத்த ஒட்டகம்னு பதினோரு வருஷமாத் திட்டுவே. இப்ப பாரு, காட்டு மாப்பிள்ளையே கிடைச்சிருக்கு அதுக்கு," என்றாள்.

"சிரிக்காதே. கரி அள்ளினா உனக்கும்தான் துவைக்கிற வேலை."

அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் தம்தின் ஒரு பை உப்பை எடுத்துக்கொண்டு, சட்டத் தாளை மனதுக்குள் மடித்து வைத்துவிட்டு, முதல் முறையாக இரண்டு கிலோமீட்டர் எல்லையைத் தாண்டினான். காற்றுக்கு எதிராக, சக்சால் புதர்களுக்குப் பின்னால் தவழ்ந்தே போனான். மந்தை மேய்ந்துகொண்டிருந்தது. நல்ல கொழுத்த ஒட்டகங்கள். வருடம் நல்ல வருடம்தான் என்று நினைத்துக்கொண்டான்.

கூப்பிடு தூரத்தில் எழுந்து நின்று, உப்புப் பையை ஆட்டி, மெதுவாக "சாம்பல்" என்றான்.

இருபத்தேழு காட்டு ஒட்டகங்களும் நின்ற இடத்திலேயே நின்று, பையைப் பார்த்து, மூக்கை விடைத்தன. ஒன்றிரண்டு அவனை நோக்கி அடிகூட எடுத்து வைத்தன. சாம்பல் ஒன்றுதான் மிரண்டது. கழுத்தைத் தரையோடு நீட்டி அது பிடித்த ஓட்டத்தில் மற்ற இருபத்தேழும் குழம்பிப்போய், எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமலே, பின்னால் ஓடின. புழுதி அடங்கியபோது தம்தின் உப்புப் பையோடு தனியாக நின்றுகொண்டிருந்தான்.

பதினொரு வருடம் சோறு போட்ட எஜமானனைக் கண்டு ஓடுவது எப்படி என்று அவன் ஒட்டகமே காட்டு ஒட்டகங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறது. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்று சாயங்காலம் தூல்மா ஒரு யோசனை சொன்னாள். தாய் ஒட்டகம் குட்டியைச் சேர்க்காமல் உதைத்துத் தள்ளினால் அதற்குப் பாட்டுப் பாடுவார்கள். குதிரைத்தலை செதுக்கிய இரண்டு நரம்பு வாத்தியத்தை ஒருவர் இழுக்க, இன்னொருவர் தாயின் கழுத்தைத் தடவிக்கொண்டு "ஹூஸ், ஹூஸ்" என்று பாடப் பாட, அது அழுதுவிடும். அழுதால் மனம் இளகிப் பக்கத்தில் வரும். கல்லையே கரைக்கிற பாட்டு, சாம்பலைக் கரைக்காதா?

தூல்மா அந்தப் பாட்டைக் கற்றது பக்கத்து வீட்டுக் கொர்லோவிடம். பக்கத்து வீடு என்றால் கிழக்கே நாற்பது கிலோமீட்டர். கொர்லோ புருஷனை இழந்தவள். நான்கு வருடத்துக்கு முன் மூன்று நாள் அடித்த மணற்புயலில் அவள் ஒட்டகங்களும் திசை தப்பிப் போய்விட்டன. ஒவ்வொரு வசந்தத்திலும் சாவடிக்கு வந்து, தேநீர் குடித்து, மரியாதைக்கு மூக்குப்பொடிச் சிமிழை மாற்றிக்கொண்டு, என் ஒட்டகங்களைப் பார்த்தாயா என்று கேட்பாள். அடையாளம் சொல்லுங்கள் என்றால், சூடு போட்டதும் இல்லை, மூக்குக் குத்தியதும் இல்லை என்பாள். பெற்ற பிள்ளைக்கு யாராவது சூடு போடுவார்களா என்பாள்.

போன வருடம் அவள், "மேற்கே நிக்குதே ஒரு கூட்டம், கிட்டப் போய்ப் பார்த்தியா தம்பி?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் காட்டு ஒட்டகம், அக்கா. ரெண்டு கிலோமீட்டருக்குள்ள போகக் கூடாது."

"போகாம எப்படித் தெரியும் காட்டு ஒட்டகம்னு?"

தம்தின் பொறுமையாக அவளை வெளியே அழைத்துப் போய், சாவடியின் பெயர்ப்பலகையைக் காட்டினான். "பாருங்க, எழுதியிருக்கு." கொர்லோவுக்குப் படிக்கத் தெரியாது. எழுதியிருக்கிறது என்றதும் திரும்பிப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் இருவரும் வாத்தியத்தோடு உப்பு ஊற்றுக்குப் போனார்கள். தம்தினின் வாசிப்பைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு கிடையாது. தூல்மாவின் குரல் வேறு விஷயம். அவள் கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தாள். காற்று அதை எடுத்துக்கொண்டு போனது. மந்தை தலையைத் தூக்கியது.

முதலில் ஒரு கிழப் பெண் ஒட்டகம் நடந்து வந்தது. அதன் பின்னால் குட்டியோடு இரண்டு. பிறகு ஐந்தாறு. உலகத்திலேயே மனிதனைக் கண்டு மிக அதிகமாக அஞ்சும் மிருகம் என்று தம்தினுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்படிப்பட்ட மிருகங்கள் இருபத்தேழு, வரிசையாக வந்து, அவர்களைச் சுற்றி வட்டமாக நின்று, கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் விட்டன. கிழ ஒட்டகம் தூல்மாவின் தோளில் தாடையை வைத்துக்கொண்டு விம்மியது. பொலி ஒட்டகம்கூட மூக்கை உறிஞ்சியது.

சாம்பல் மட்டும் தூரத்து மேட்டில் நின்று, இவர்களுக்கு என்ன வந்தது என்பதுபோலப் பார்த்துவிட்டு, திரும்பிக்கொண்டு புதரைக் கடித்தது.

"நிறுத்துடி," என்றான் தம்தின். "தப்பான ஒட்டகமெல்லாம் வந்திருச்சு."

"நான் அதுக்குன்னுதான் பாடினேன். மத்தது கேட்டா நான் என்ன பண்றது?"

பாட்டை நிறுத்தினார்கள். அழுகை நிற்கவில்லை. இருவரும் நைசாக வட்டத்திலிருந்து வெளியேறி வீட்டைப் பார்த்து நடந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது இருபத்தேழும் குட்டிகளோடு பின்னால் வந்துகொண்டிருந்தன. வேகமாக நடந்தார்கள். அவையும் வேகமாக நடந்தன. ஓடினார்கள். கிழ ஒட்டகம் குறுக்கு வழி தெரிந்ததுபோல முன்னால் போய்க் கூடார வாசலில் நின்றுகொண்டது.

சாயங்காலத்துக்குள் அவை கூடாரத்தைச் சுற்றிப் படுத்துக்கொண்டு, கம்பளியைக் கட்டியிருந்த மயிர்க்கயிற்றை மெல்ல ஆரம்பித்தன. தம்தின் உள்ளே சட்டத் தாளை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினான். காவலாளி காட்டு ஒட்டகத்தை நெருங்கக் கூடாது என்றுதான் அதில் இருந்தது. காட்டு ஒட்டகம் காவலாளியை நெருங்கினால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை.

மறுநாள் காலைத் தேநீர் வழக்கத்தைவிட ருசியாக இருந்தது. பாதி கிண்ணம் குடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவர்களிடம் பால் கிடையாது.

தூல்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "மடி கட்டிக்கிட்டுத் தவிச்சுது. கை சும்மா இருக்க மாட்டேன்னுது," என்றாள். கொஞ்சம் கழித்து, "காட்டு மிருகம் இவ்வளவு அடக்கமா ஒரு காலை மடக்கி நின்னு பால் குடுக்குமா?" என்றும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு எங்காவது ஒரு விடை இருக்க வேண்டும் என்று தம்தின் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போனான். டாக்டர் வர ஒரு நாள்தான் இருந்தது. இவற்றை அதற்குள் பழையபடி காட்டுத்தனமாக்கி, இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிறுத்தியாக வேண்டும்.

தகர வாளியைத் தட்டினான். ஒட்டகங்கள் வாளிக்குள் எட்டிப் பார்த்தன. கல்லெறிந்தான், எறிந்த கல்லை மோந்து பார்த்துவிட்டு வந்தன. கடைசியில் சுவரில் தொங்கிய பழைய தோலை எடுத்துப் போர்த்திக்கொண்டான். எந்த மிருகத்தின் தோல் என்று எங்கள் பக்கத்தில் பெயர் சொல்வதில்லை. மந்தைகளை வேட்டையாடும் அதை வானத்து நாய் என்றால் புரிந்துகொள்வார்கள். அதைப் போர்த்தி, நாலு காலில் தவழ்ந்து, அடிவயிற்றிலிருந்து ஊளையிட்டான். மந்தை அவனைச் சுற்றிக் கூடி நின்று கவலையோடு பார்த்தது. கிழ ஒட்டகம் அவனுக்குக் காற்று படாதபடி பக்கத்தில் வந்து சாய்ந்து படுத்துக்கொண்டது.

ஆத்திரம் தாங்காமல் எழுந்து, சாம்பலிடம் கத்துவதுபோல, வாய்ப்பழக்கத்தில், "சோக், சோக்" என்று கத்திவிட்டான்.

வீட்டு ஒட்டகத்தை மண்டியிடச் செய்வதற்குச் சொல்கிற சொல் அது. இருபத்தேழும் ஒரே நேரத்தில் மண்டியிட்டன. நிலம் அதிர்ந்தது. அதிர்ச்சியில் தம்தினும் மண்டியிட்டான்.

அந்த நிலையில்தான் அவனுக்கு விடை கிடைத்தது. ஓடிப்போன நாளிலிருந்து இவற்றோடு இருப்பது யார்? சாம்பல். பதினொரு வருடம் மனிதர்களோடு வாழ்ந்து எல்லாம் தெரிந்துகொண்டவள் அவள்தான். உப்பு, பாட்டு, பால், மண்டியிடுவது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். ஒரே ஒரு வீட்டு ஒட்டகம் பள்ளிக்கூடம் நடத்தி இருபத்தேழு காட்டு ஒட்டகங்களைக் கெடுத்துவிட்டது. சிவப்பு மைக்கோட்டின் அர்த்தம் இப்போது அவனுக்கு விளங்கியது.

"அப்ப அவ மட்டும் ஏன் பாட்டுக்கு வரல?" என்றாள் தூல்மா.

"வாத்தியார் எங்கேயாவது வகுப்புல உக்காந்து பாடம் கேப்பாரா?"

தூல்மா யோசித்துவிட்டு, இருக்கலாம் என்றாள். அவளுக்கும் குழப்பம்தான்.

ஐந்தாம் நாள் மதியம் ஜீப் வந்தது. டாக்டர் ரிஞ்சின் மெலிந்த, சுத்தமான மனிதர். ஒட்டகங்களைப் பற்றி மூன்று புத்தகம் எழுதியவர். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே இரண்டு பேனாக்களை மூடி திறந்து வைத்திருந்தார். கூட பூர்வே என்று ஓர் அம்மாள். பரிசோதனைச் சாலையில் முப்பது வருடமாக மயிரும் சாணமும் பார்த்தவள், ஓய்வுபெற ஒரு வருடம் பாக்கி. கன்னத்தில் எப்போதும் ஒரு துண்டு காய்ந்த தயிர்க்கட்டியை அடக்கிக்கொண்டிருப்பாள். அதனாலோ என்னவோ அதிகம் பேசுவதில்லை.

மந்தையைத் தம்தின் விடியற்காலையிலேயே தீவனம் காட்டிக் கூடாரத்துக்குப் பின்னாலிருந்த பள்ளத்துக்குள் இறக்கியிருந்தான். டாக்டர் நேராக மேட்டுக்குப் போகப் பார்த்தார். முதலில் தேநீர் குடிக்க வேண்டும் என்று தூல்மா பிடிவாதமாக உள்ளே அழைத்தாள். விருந்தாளி மறுக்க முடியாது. வடக்குப் பக்கம், மரியாதையான இடத்தில், டாக்டர் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார். அருமையான பால் என்றார்.

அப்போது வாசல் கம்பளி விலகி, கிழ ஒட்டகம் கழுத்துவரை உள்ளே வந்து, எல்லாரையும் ஒருமுறை பார்த்தது.

டாக்டர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இது யாரோடது?"

தம்தின் அவசரமாகத் தேநீரைக் குடித்தான். தூல்மா சட்டென்று ஒரு பொய்யைப் பிடித்துப் போட்டாள். "பக்கத்து வீட்டுக் கொர்லோ அக்காவோடது, ஐயா."

"காப்புக்காட்டுக்குள்ள வீட்டு ஒட்டகமா?" டாக்டர் எழுந்து, ஒட்டகத்தின் கழுத்துக்குக் கீழே குனிந்து வெளியே போனார். பள்ளத்திலிருந்து மற்ற இருபத்தாறும் வரிசையாக ஏறி வந்துகொண்டிருந்தன. இத்தனையா என்றார். இத்தனை வீட்டு ஒட்டகத்தை மேய விட்டதற்கு வேலை மட்டுமல்ல, வழக்கும் வரும் என்றார்.

தம்தின் பொய்க்குப் பயந்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். "ஐயா, அவ தெரியாமச் சொல்றா. இது எல்லாமே காட்டு ஒட்டகம்தான்."

"காட்டு ஒட்டகம் தேநீருக்கு வருமா?"

தம்தின் மூக்கணையிலிருந்து மண்டியிட்டது வரை எல்லாவற்றையும் சொன்னான். சாம்பலின் பள்ளிக்கூடத்தையும் விடவில்லை. டாக்டர் முதலில் கோபமாகக் கேட்டார். பிறகு கோபத்தை மறந்துவிட்டுக் கேட்டார். பிறகு இரண்டு பேனாவாலும் எழுத ஆரம்பித்தார். உலகத்தில் இதுவரை யாரும் கண்டதில்லை என்றார். அடக்கம் என்பது ஒரு தொற்று என்றார். தம்தினை "சோக்" சொல்லச் சொன்னார். இருபத்தேழும் மண்டியிட்டதும் அவர் கண் கலங்கிவிட்டது. "நாலாவது புத்தகம்," என்றார்.

பூர்வே மட்டும் மண்டியிட்ட ஒட்டகங்களுக்கு நடுவே புகுந்து புகுந்து நடந்தாள். ஒவ்வொன்றின் கழுத்திலிருந்தும் ஒரு கொத்து மயிரைப் பிடுங்கி, உறையில் போட்டு, எண் எழுதினாள். ஒன்றின் திமிலைத் தட்டிப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததால் மறுபடி தயிர்க்கட்டியைச் சப்பினாள்.

தம்தின் தனியாக மேட்டுக்குப் போய்த் தன் பள்ளத்தில் உட்கார்ந்தான். ஓட, பாட, ஊளையிட எதற்கும் அவனிடம் தெம்பு இல்லை. வெகு நேரம் கழித்துப் பின்னால் மூச்சு கேட்டது. சாம்பல் வந்து நின்று, அவன் தொப்பியை மோந்தது. பிறகு, பதினொரு வருட வழக்கப்படி, துப்பியது. அவன் துடைத்துக்கொண்டு எழுந்து மூக்கணையில் கயிற்றைக் கட்டினான். அது பேசாமல் கூட வந்தது. பூர்வே அதன் கழுத்திலும் ஒரு கொத்து பிடுங்கினாள். பதிலுக்கு அது அவள் தொப்பியைக் கடித்துப் பிடுங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வீட்டு ஒட்டகமும் வேண்டுமே என்றார் டாக்டர். பூர்வே உறையில் இருபத்தெட்டு என்று எழுதினாள்.

போகும்போது டாக்டர் தம்தினின் தோளைத் தட்டி வருத்தத்தோடு சொன்னார். காட்டுத்தனம் போய்விட்ட மிருகத்தைக் காட்டு மிருகம் என்று கணக்கு வைக்க முடியாது. காக்க ஒன்றும் இல்லாத இடத்தில் சாவடி எதற்கு? எல்லாம் இந்த ஒரு ஒட்டகத்தால். புத்தகத்தின் முதல் பக்கத்தில் சாம்பலின் படத்தைப் போடுவதாக வாக்களித்தார். தம்தினுக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, சாவடியைப் பிரிக்கச் சொல்லி வானொலியில் வந்தது. தம்தின் "சரி" என்றான். அந்தச் சொல்லை இந்தப் பக்கத்திலிருந்து சொல்வது அதுவே முதல் முறை.

கூடாரத்தைக் கழற்றினார்கள். சுவர்ச் சட்டங்கள், மரப்பெட்டி, கம்பளிச் சுருள்கள் எல்லாவற்றையும் சாம்பலின் முதுகில் ஏற்றி, உச்சியில் இரும்பு அடுப்பைக் கவிழ்த்துக் கட்டினான். வேறு எந்த ஒட்டகத்தின் மேலும் ஏற்ற முடியாது. காட்டு ஒட்டகத்தின் மேல் சுமை ஏற்றினால் சிறை. பெயர்ப்பலகையைக் கழற்றித் தரையில் சாய்த்தபோது கொர்லோ வந்து சேர்ந்தாள், வருடா வருடம் வருகிற தேநீருக்கு. அடுப்பு ஒட்டகத்தின் மேல் இருந்ததால் தேநீர் இல்லை. அவள் பலகையைப் பார்க்கவில்லை. சுற்றிலும் நின்ற இருபத்தேழையும் பார்த்தாள். அவையும் அவளைப் பார்த்தன. கிழ ஒட்டகம் போய் அவள் முக்காட்டை மெல்ல ஆரம்பித்தது. கொர்லோ தடுக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

ஜீப் வந்தது. பூர்வே மட்டும் இறங்கினாள். டாக்டருக்கு உடம்பு சரியில்லை, பரிசோதனை முடிவைப் படித்த அன்றிலிருந்து காய்ச்சல் என்றாள். கையில் ஒரு தாள். தயிர்க்கட்டியை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள்.

"இருபத்தேழும் வீட்டு ஒட்டகம்," என்றாள்.

 முக்காட்டின் மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு கொர்லோ, "நான் நாலு வருஷமாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள்.

மூன்று வருடமாகப் பக்கத்து வீட்டு மந்தையை இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் படுத்து எண்ணியிருக்கிறோம் என்பது தம்தினுக்கு மெதுவாகத்தான் ஏறியது. கெட்டுப்போக இங்கே காட்டு ஒட்டகமே இருந்ததில்லை. இனி ஒன்றுமே இல்லை, கொதிகலன்தான். மேட்டைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, சாம்பலின் கயிற்றைப் பிடித்து இழுத்தான். அடுப்பு கடகடவென்று ஆடியது.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் பூர்வே. "சாவடியை மூடக் கூடாதுன்னு எழுதியிருக்கு. சுத்தமான காட்டு ஒட்டகம் ஒண்ணு இருக்காம். ஒண்ணு இருந்தாலும் சாவடி இருக்கணுமே."

தம்தின் கயிற்றைக் கைவிடாமலே தொலைநோக்கியை எடுத்தான். மேற்கே பார்த்தான். தெற்கே பார்த்தான். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி மேற்கே பார்த்தான். அடிவானம்வரை காற்றும் புதரும்தான் இருந்தன.

"எங்க, அக்கா? ஒண்ணும் தெரியலையே."

பூர்வே தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

"அந்தக் கண்ணாடியைக் கீழ வச்சிட்டு முதல்ல அடுப்பை இறக்குங்க, தம்பி. அந்த ஒண்ணு மேலதான் ஏத்தி வச்சிருக்கீங்க."